பவுடர் லென்ஸ்

24 ஜூன் 1985, திங்கள்

வெளியில் சொல்ல வெட்கம். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நோன்புப் பெருநாளன்று நான் எடுத்த படத்தில் ஒன்றுகூட விழவில்லை. பிலிம் கேமராவுக்குள் பல்லில் மாட்டவே இல்லையாம். நான் பாட்டுக்குச் சுற்றுகிறேன், அமுக்குகிறேன், சுற்றுகிறேன், அமுக்குகிறேன். அது இருந்த இடத்திலேயே சுருண்டு படுத்திருக்கிறது. முப்பத்தாறு படம் தாண்டியும் ஓடுகிறதே என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? "இந்த ரோல் நொம்பத் தாராளம்" என்று பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஸ்டூடியோ லாசர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, ரோல் புத்தம் புதுசா இருக்குதுங்க. வாங்குன கடையில திருப்பிக் குடுத்தாக்கூட எடுத்துக்குவான்."

புதுச் சட்டை, அத்தர், தொப்பி என்று வரிசையாக நிறுத்தி எடுத்தேன். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது ஒவ்வொருவராக வந்து கேட்கிறார்கள். வெள்ளக்கடையிலிருந்து வாழைத்தார் கொண்டுவரும் முத்தாயிகூட அன்றைக்கு வந்து நின்றிருந்தாள். "நீ நின்ன அழகைத் தாங்காம பிலிம் கருகிப்போச்சு" என்றேன்.

"அந்தக் கருகுனதயாச்சும் குடுங்க பாயம்மா. தாருக்குப் புகை போட ஆவும்."

நஷ்டப்படாத ஒரே ஆள் என் நாத்தனார் ஹலீமா. கேமராவை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள்.

29 ஜூன், சனி

மூன்று நாளாக ஏற்காட்டு மேகம் வீட்டுக்குள். உப்பு கரைகிறது, தீப்பெட்டி பற்றவில்லை. மச்சான் மட்டும் நன்றாகப் பற்றி எரிகிறார். அவருடைய செருப்பில் பூஞ்சை பூத்ததற்குப் பொண்டாட்டி என்ன செய்ய?

3 ஜூலை, புதன்

நாகலூர்ப் பக்கம் ஒரு பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று மச்சான் ஜீப் எடுத்துக்கொண்டு போய் மொத்தமாக அள்ளி வந்தார். கட்டில், பீங்கான், குதிரை பொம்மை, கால் போன நாற்காலி. அவருக்கு இதுதான் வியாபாரம். எனக்கு இழுப்பறைகள்தான் வியாபாரம். என் ரஷ்யாக் கேமராவும் இரண்டு வருஷம் முன்னால் இப்படி ஒரு பீரோ இழுப்பறையில்தான் வந்தது. மூணாங்கிளாஸ் படித்தவளுக்கு எதற்குக் கேமரா என்று இவர் கேட்டார். பிலிம் என்ன கணக்கா கேட்கிறது என்று நான் கேட்டேன். அதோடு விட்டுவிட்டார்.

இன்றைக்குக் கிடைத்தது ஒரு லென்ஸ். தோல் பெட்டிக்குள், கொய்யாக்காய் அளவு, நல்ல கனம். பழைய ஜெர்மன் சரக்கு. என் கேமராவில் இருக்கிற அம்பது எம்.எம். லென்ஸைக் கழற்றிவிட்டு இதைத் திருகினால் மரை அப்படியே உட்கார்ந்தது. ஆனால் உள்ளே கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை வெள்ளையாக ஓடுகிறது. பூஞ்சை.

"தூக்கிப் போடு அந்தக் குப்பைய" என்றார் மச்சான்.

"உங்களையே இருவத்தாறு வருசமா வெச்சிருக்கறேன்" என்றேன்.

ஹலீமா அடுப்படியில் சிரித்தது கேட்டது.

4 ஜூலை, வியாழன்

லாசர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இத உங்க நல்ல லென்ஸ் பக்கத்துல வெச்சுராதீங்க அக்கா. தொத்திக்கும்."

"அம்மை மாதிரியா?" என்றேன்.

ஹலீமா கூட வந்திருந்தாள். காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். நான் அவளைச் சொல்லவில்லையே? அவளுக்கும் தெரியும். ஆறு வயதில் அவளுக்கு அம்மை வார்த்தபோது வேப்பிலையால் விசிறியவள் நான். குழி குழியாக முகம் ஆனபிறகு "பணியாரம்" என்று பேர் வைத்தவளும் நான்தான். பணியாரம் என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள். இப்போது முப்பத்தொன்று ஆகிறது, இன்னும் அப்படித்தான் திரும்புகிறாள். வேறு யாராவது கூப்பிட்டால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்தப் பூஞ்சை லென்ஸைத் துணிப்பையில் போட்டு அரிசி டின்னில் புதைத்து வைத்தேன். ஈரம் ஏறாது. பூஞ்சை அரிசிக்குத் தொற்றினால் ஹலீமா பார்த்துக்கொள்ளட்டும்.

9 ஜூலை, செவ்வாய்

மழை விட்டது. பின்பக்கம் அடுப்படிக் கதவைத் திறந்ததும் வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. ஹலீமா கதவில் சாய்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு, பின்னால் வெயில், முன்னால் அடுப்புப் புகை. பூஞ்சை லென்ஸில் பார்த்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை.

"பணியாரம், அசையாத."

"வேண்டாம் அண்ணி. பிலிம் வீணு."

"மூணு படம்தான் பாக்கி, ரோலை முடிக்கணும். நீ ஆளா நிக்காத, கதவா நில்லு."

கதவாக நின்றாள். எடுத்தேன்.

15 ஜூலை, திங்கள்

பிரிண்ட் வந்தது. லாசர் கேட்கிறான்: "இது யாருங்க அக்கா, உங்க மக ஷஹீதா கல்யாணத்துக்கு வந்த சொந்தமா?"

வாரத்துக்கு இரண்டு தடவை அவனுடைய கடை வழியாகத்தான் ஹலீமா போகிறாள்.

ஒரு தழும்பு இல்லை. முகம் முழுக்கப் பால். கண் மட்டும் தெளிவு. முக்காட்டு ஓரத்தில் வெளிச்சம் கரைந்து ஒழுகுகிறது. வெளிச்சம் பின்னால் இருந்தால்தான் இந்த லென்ஸ் இப்படிச் செய்கிறது. முன்னால் இருந்தால் வெறும் கலங்கல். பவுடர் லென்ஸ் என்று பேர் வைத்துவிட்டேன்.

ஹலீமாவிடம் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்து, வாங்கி, பார்த்தாள். ரொம்ப நேரம். "மேல இருக்கற ஓட்டடையெல்லாம் தெரியுது. நாளைக்கு அடிக்கணும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போட்டோவை மச்சானுடைய கடைச் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே மாட்டினேன்.

22 ஜூலை, திங்கள்

பஜாரே பவுடருக்கு நிற்கிறது. லாட்ஜ் வாட்ச்மேன் சின்னசாமி பத்து வயது குறைத்துக் கேட்டான், பதினைந்து குறைத்துக் கொடுத்தேன். அவன் பொண்டாட்டி என்னை முறைக்கிறாள். முத்தாயி தன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் சுருக்கத்தயெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சீங்க? எம்பேரன் வந்து ஆரு இந்தப் பொம்பளைன்னு கேக்கப் போறான்" என்றாள்.

அரிசி அளக்கும்போதெல்லாம் ஹலீமா முதலில் லென்ஸை எடுத்து அலமாரியில் வைக்கிறாள், அளக்கிறாள், திருப்பி டின்னுக்குள் வைக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

28 ஜூலை, ஞாயிறு

கல்யாணத் தரகர் இஸ்மாயில் பாய் சேலத்திலிருந்து வந்தார். ஷஹீதாவுக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தவர் இவர்தான். அத்தை வீட்டில் இருக்க அண்ணன் மகளுக்கு முதலில் முடித்தாகிவிட்டது, ஊர் பேசிப் பேசி ஓய்ந்தும் போயிற்று. ஹலீமாவின் பேச்சை எடுத்தால் பாய் காபிக்கு இன்னும் கொஞ்சம் சீனி கேட்பார். அதுதான் அவர் பதில்.

இன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்க நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம ஹலீமாவா?"

"பின்ன, நானா?"

"இதக் குடும்மா. ஆத்தூர்ல ஒரு ஊடு இருக்குது. பையன் சைக்கிள் கடை வெச்சிருக்கறான், முப்பத்தஞ்சு வயசு, நல்ல குணம். போட்டோ கேக்கறாங்க."

உள்ளே இருந்த இன்னொரு பிரிண்டைக் கொடுத்துவிட்டு, தழும்பைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பஸ்ஸுக்குக் குடையை எடுத்துவிட்டார். மச்சான் அவர் பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சரி, தரகர் பார்க்காத முகமா, அவர் சொல்லிக்கொள்வார்.

ஹலீமாவின் அறை காலியானால் என் கேமரா சாமானை எல்லாம் அங்கே வைக்கலாம். படம் கழுவ இருட்டறைகூடப் போடலாம்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

ஆத்தூரிலிருந்து சேதி. போட்டோ பிடித்துவிட்டதாம். வருகிற பதினெட்டாம் தேதி பொம்பளையாட்கள் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஹலீமா பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்: "அண்ணி, அவங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"தெரியுமான்னு கேட்டேன்."

"கல்யாணம் ஆனா எல்லா ஆம்பளைக்கும் கண்ணு மங்கிரும்டி பணியாரம். உங்கண்ணனுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சு எத்தனை வருசமாச்சு!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

பணியாரம் பாட்டு முனகுகிறது! இட்லி அவிக்கிறபோது ஒரு பாட்டு, துணி பிழிகிறபோது ஒரு பாட்டு. கடிகாரத்துக்குக் கீழே இருந்த படத்தைக் காணோம். கேட்டேன். "தூசி படுதுன்னு உள்ள வெச்சேன்" என்கிறாள். அவளைக் கிண்டல் செய்து செய்து எனக்கு வயிறு வலிக்கிறது.

17 ஆகஸ்ட், சனி

சாயந்திரம் ஹலீமா என்னிடம் வந்து, "நாளைக்கு அவங்களை அடுப்படிப் பக்கம் கூட்டியாங்க. நான் கதவுகிட்ட உக்காந்துக்கறேன்" என்றாள்.

"பொண்ணு பார்க்க வர்றவங்களை அடுப்படிக்கா? நல்லா இருக்கும்டி."

"பின்பக்கம் வெளிச்சம் வரும்ல" என்றாள். "அதே மாதிரி."

நான் அவளையே பார்த்தேன். கதவை எவ்வளவு திறந்து வைத்தால் வெயில் எங்கே விழும் என்று தரையில் கரியால் கோடு போட்டுப் பார்த்திருக்கிறாள்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா? எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

இரண்டு பொம்பளைகள் வந்தார்கள், மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும். வெள்ளைத் துப்பட்டியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஆண்கள் கடையில் மச்சானோடு. பின்பக்கம் காற்று நன்றாக இருக்கும் என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனேன். ஹலீமா கதவருகில், கோடு போட்ட இடத்தில், முக்காடும் அதே மடிப்பில். வெயிலும் இருந்தது. ஏற்காட்டு ஆகஸ்டில் அந்த நேரத்துக்கு வெயில் இருந்ததே பெரிது.

கேசரி சாப்பிட்டார்கள். காபி குடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பேச்சில் குறை ஒன்றும் இல்லை. "யாரு கண்ணு நீ, இருட்டுல உக்காந்திருக்க? இப்படி வா" என்று ஹலீமாவின் கையைப் பிடித்து எழுப்பி, கூடத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் முகத்தில் படும்படி திருப்பி உட்கார வைத்தாள். பிரியமாகத்தான் செய்தாள்.

பிறகு மடியிலிருந்து போட்டோவை எடுத்தாள். கட்டைவிரலால் அதன் கன்னத்தைத் தேய்த்தாள், சாயம் போகுமா என்று சீலையைத் தேய்ப்பதுபோல. என்னிடம் திரும்பினாள்.

"கேசரி நல்லாத்தான் கிண்டியிருக்குது இந்தப் புள்ள. சரிங்க, நேரமாச்சு. போட்டோவுல இருக்கற பொண்ணக் கூப்பிடுங்க."

நான் சிரிச்சுட்டேன்.

ஏன் சிரிச்சேன்? வேணும்னா சிரிச்சேன்? அந்தம்மா சொன்ன விதம்... லாசர் கேட்ட மாதிரியே... வாய் தானாத் திறந்துருச்சு. பொத்தறதுக்குள்ள வெளிய வந்துருச்சு. கடையில இருந்த ஆம்பளைங்களுக்குக்கூடக் கேட்டுருச்சாம்.

ஹலீமா என்னைத்தான் பார்த்தாள். அந்தம்மாவை இல்லை.

"நாந்தாங்க அது" என்றாள் ஹலீமா.

அந்தம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் போட்டோவைக் காபி டம்ளருக்கு அடியில் வைத்தாள். "எங்களை மலைமேல ஏத்தி விளையாட்டுக் காட்டறீங்களா? ஆத்தூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கறோம்." துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டே, வாசலில் நின்று, மச்சானும் கேட்கும்படி சொன்னாள்: "எங்க கொழுந்தனார் ஒருத்தர் இருக்கறாரு. பொண்டாட்டி மௌத்தாயி அடக்கியாச்சு. கண்ணு பாதிக்குமேல தெரியாது. அவருக்கு வேணா கேட்டுப் பாருங்க. அவருக்குன்னா போட்டோவே தேவையில்ல."

கூட வந்த அக்காக்காரி களுக்கென்று சிரித்தாள். என் சிரிப்பு மாதிரியேதான் இருந்தது.

அவர்கள் போனபிறகு ஹலீமா டம்ளர்களை எடுத்தாள். போட்டோவில் காபி வட்டம். ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளக்கப் போனாள். லென்ஸை எடுத்து அலமாரியில் வைத்து, அளந்து, திருப்பி டின்னுக்குள் வைத்தாள்.

19 ஆகஸ்ட், திங்கள்

ஹலீமாவின் வேலை எல்லாம் நடக்கிறது. பாட்டு இல்லை.

21 ஆகஸ்ட், புதன்

முத்தாயி வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு, "என்ன பாயம்மா, ஊடே சத்தமில்லாம கெடக்குது?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் வேடிக்கையாகவே சொன்னேன், அந்தம்மா பேசினதை அவள் மாதிரியே பேசிக் காட்டினேன். முத்தாயி சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு ஆசையும் இல்லாம இருந்துச்சு. நல்லாத்தான இருந்துச்சு" என்றாள். "நீங்க எதுக்குங்க அதுக்கு ஆசையக் காட்டுனீங்க?"

அதற்குப் பிறகு அவள் பழம் எண்ணிக் கொடுத்ததை வாங்கி வைத்தேன்.

23 ஆகஸ்ட், வெள்ளி

மச்சான் என்னிடம் சொல்லாமல் ஆத்தூர் போய்விட்டு வந்திருக்கிறார். அந்தம்மா கேலியாக வீசிவிட்டுப் போனதை இவர் மெய்யாகவே பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்! கொழுந்தனார் பேர் ஹனீபா. நாற்பத்தாறு வயது. ஜவ்வரிசி மில் வாசலில் உட்கார்ந்து வண்டி வந்தால் உள்ளே ஆட்களுக்குக் குரல் கொடுக்கிற வேலை. பிள்ளை இல்லை. படுத்த படுக்கையாகத் தாயார் இருக்கிறாள், பார்க்க ஆள் வேண்டும்.

"சம்பளமில்லாத ஆயா வேலைக்கா தங்கச்சிய அனுப்பறீங்க?" என்று கத்தினேன்.

மச்சான் என்னை நிதானமாகப் பார்த்தார். "இங்க என்ன வேலை பாக்கறா?"

ஹலீமா கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். வெளியே வந்து, "சரின்னு சொல்லிருங்க அண்ணா" என்றாள்.

நான் அவள் பின்னாலேயே போனேன். "ஏய், என் மேல கோவத்துல முடிவு எடுக்காத. கண்ணு தெரியாத ஆளு, படுத்த கெழவி. உனக்கு என்னடி தலையெழுத்து?"

"நீங்கதான சொன்னீங்க அண்ணி" என்றாள். "எல்லா ஆம்பளைக்கும் கண்ணு மங்கிரும்னு. இவருக்கு மொதல்லயே மங்கிருச்சு. காத்திருக்க வேண்டியதில்ல."

அவள் இதுவரைக்கும் என்னைக் கிண்டல் செய்ததே இல்லை. என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

பக்ரீத். கேமராவை எடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. சின்னதாகத்தான். மாப்பிள்ளை தம்பி மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி. குரல் மட்டும் கணீரென்று இருந்தது, சம்மதம் சொன்னது உள்ளே பொம்பளைகள் இருந்த இடம் வரைக்கும் கேட்டது.

அந்தம்மாவும் வந்திருந்தாள், சம்பந்தி ஆகிவிட்டாளே. ஹலீமாவின் தலையைத் தொட்டு, "எங்க மாமியாளுக்கு ரெண்டு வேளை வெந்நீர் ஒத்தடம் குடுக்கோணும், தெரியுமில்ல?" என்றாள். வாழ்த்து அவ்வளவுதான்.

பெண் அலங்காரம் முடிந்ததும் நான் பவுடர் லென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல மனதோடுதான் போனேன். இன்றைக்காவது அவளுக்கு அது வேண்டும் என்று.

"அது வேண்டாம் அண்ணி" என்றாள். "அம்பது போட்டு எடுங்க. ஜன்னலுக்கு வந்து உக்காந்துக்கறேன். கிட்ட வந்து எடுங்க."

ஜன்னல் பக்கம் தானே திரும்பி உட்கார்ந்தாள், அந்தம்மா அன்றைக்குத் திருப்பி வைத்த அதே இடத்தில்.

அம்பது பொய் சொல்லாது. எவ்வளவு கிட்டே போக முடியுமோ போனேன். ஒவ்வொரு குழியாகத் தெரிந்தது. மூக்கோரத்தில் ஒன்று, நான் நகத்தால் சொறியவிடாமல் கையைப் பிடித்து வைத்திருந்தும் அவள் சொறிந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். அந்த முகத்தை நான் இருபத்தைந்து வருஷமாகக் கிண்டல் செய்திருக்கிறேன், பார்த்திருக்கிறேனா என்று தெரியவில்லை.

"பணியாரம், கொஞ்சம் சிரி" என்றேன். பழக்கம்.

"எம்பேரு ஹலீமா" என்றாள்.

எடுத்தேன்.

ஜீப் ஏறும்போது மச்சானைக் கட்டிப் பிடித்து அழுதாள். முத்தாயி அவள் மடியில் பழம் கட்டிக் கொடுத்தாள், அவளையும் கட்டிப் பிடித்தாள். என்னிடம் வந்து, "வரட்டுங்களா" என்றாள். அண்ணி என்று இல்லை. அவளுக்கு நான் ஒருநாளும் அத்தனை அந்நியமாக இருந்ததில்லை.

14 செப்டம்பர், சனி

பிலிம் இந்தத் தடவை பல்லில் நன்றாக மாட்டியிருந்தது.

லாசர் பெரிய பிரிண்டாகப் போட்டுக் கொடுத்தான். "அக்கா, நீங்க எடுத்ததுலயே இதுதாங்க படம். முன்னாடி ஷோகேஸ்ல வெக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். அவள் கண் நேராக லென்ஸுக்குள் பார்க்கிறது. லென்ஸுக்குப் பின்னால் நான்தான் இருந்தேன்.

20 செப்டம்பர், வெள்ளி

அவளுடைய அறை காலி. கேமரா சாமானைக் கொண்டுபோய் வைத்தேன். சாயந்திரம் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். அங்கே ஈரம் அதிகம்.

22 செப்டம்பர், ஞாயிறு

சோறு குழைந்துவிட்டது. குழம்பில் உப்பு இல்லை. மச்சான் பேசாமல் சாப்பிட்டார். எப்போதும் ஏதாவது முணுமுணுப்பார், நான் ஒன்று திருப்பிக் கொடுப்பேன், உள்ளேயிருந்து அவள் சிரிப்பாள். மூன்று பேர் ஆடுகிற ஆட்டம் அது என்று இத்தனை நாள் தெரியாது.

29 செப்டம்பர், ஞாயிறு

மச்சான் ஆத்தூர் போய்ப் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். நானும் வருகிறேன் என்றதற்கு, கடையை யார் பார்ப்பது என்றார். கடையை ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

வந்ததும் கேட்டேன். மெலிந்திருக்கிறாளாம். கையெல்லாம் வெந்நீர்ப் புண்ணாம். கிழவி ஓயாமல் திட்டுகிறாளாம். அந்தம்மா பக்கத்து வீடுதானாம், தினம் வந்து கேசரி கிண்டச் சொல்கிறாளாம்.

"அவரு?"

"ஹனீபாவா? படத்தக் குடுத்தேன். கண்ணாடியக் கழட்டிட்டு மூக்குகிட்ட வெச்சுக்கிட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் மெதுவா நகத்தி நகத்திப் பாத்தாரு. நொம்ப நேரம். 'ஆமா, அவதான்'னாரு. மாட்டச் சொல்லி ஆணி எடுத்துக் குடுத்தாரு."

"அவ என்ன கேட்டா?"

"எல்லாரையும் கேட்டா. முத்தாயி, லாசரு, ஷஹீதா. பூனை குட்டி போட்டுச்சான்னு கேட்டா."

நான் காத்துக்கொண்டே இருந்தேன். மச்சான் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"அப்பறம்?"

"அவ்வளவுதான்" என்றார்.

3 அக்டோபர், வியாழன்

முத்தாயி வந்தாள். "உன் மூஞ்சில இன்னைக்கு வாழைப்பூ பூத்திருக்குது" என்றேன். சிரித்தாள். ஆனால் நான் சொன்னதற்குத்தான் சிரித்தாளா என்று பார்த்தேன். முன்னெல்லாம் பார்த்ததில்லை.

6 அக்டோபர், ஞாயிறு

இட்லிக்கு நேற்றுக் காலையில் நானே அரிசி ஊறப் போட்டேன். டின்னில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அளக்கவில்லை, அப்படியே குண்டானில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். மத்தியானம் ஆட்டுவதற்கு அள்ளியபோது, நிக்காஹ் அன்றைக்குத் திருப்பிப் புதைத்து வைத்த பவுடர் லென்ஸ் கையில் வந்தது. துணிப்பையோடு ஊறியிருந்தது. குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடுகிறது. பூஞ்சை அப்படியே இருக்கிறது. அடுப்பு மேட்டில் காயப் போட்டிருக்கிறேன்.

காலையில் மச்சான் இட்லியைப் பிட்டுப் பார்த்துவிட்டு, ஏன் கல் மாதிரி இருக்கிறது என்றார். லென்ஸ் ஊறிய கதையைச் சொல்லாமல், உளுந்து போட மறந்துவிட்டேன் என்றேன். அதுவும் உண்மைதான்.